ரெசிஸ்டர்ல ஆர்010-ன்னா பத்து மில்லி ஓம், அவ்ளோதானேன்னு நெனச்சேன்

ஜனவரில ஒரு நாள் காலைல, அமெரிக்காவுல கொலராடோ, ஃபோர்ட் காலின்ஸ்ல மைனஸ் 17 டிகிரி, சாவிய திருப்புறேன், இன்ஜின் சுத்துது சுத்துது சுத்திட்டே இருக்கு, பின்னாடி சைலன்ஸர்ல வெள்ளப் புகை மட்டும் சாம்பிராணி போட்ட மாதிரி வருது, ஆனா புடிக்கல. வண்டி கம்பெனி பேரு வேணாம், 2000-கள் நடுவுல வந்த அமெரிக்க பிக்கப், 6 லிட்டர் டீசல் வி8, தெரிஞ்சவங்களுக்கு இவ்ளோ சொன்னாலே போதும், சிரிச்சிருப்பீங்க. கேம்ப்பிங் ட்ரெய்லர் இழுக்கறதுக்காக மலிவா கெடச்சுதுன்னு வாங்குனேன். மலிவா ஏன் குடுத்தான்னு அப்போ யோசிக்கல.

மதியம் வெயில் வந்ததும் அதே வண்டி ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆகுது. கொஞ்சம் தடதடன்னு அடிக்கும், அஞ்சு நிமிஷம் ஓடுனா சரியாயிடும். கடைல காட்டுனேன், பாக்காமலே மொத்த இன்ஜெக்டரும் மாத்தணும்னாங்க, எட்டு இன்ஜெக்டர், அவங்க சொன்ன தொகைக்கு ஊருக்கு குடும்பத்தோட போய்ட்டு வந்துடலாம். சரி நன்றின்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர எடுத்தேன்.

இந்த இன்ஜின்ல இன்ஜெக்டர் தலைக்கு மேல ஒரு குட்டி ஸ்பூல் வால்வு இருக்கு, அதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு காயில். ஒரு காயில் இழுத்தா வால்வு தொறந்து ஹை பிரஷர் ஆயில் உள்ள போய் டீசல அமுக்கி பீச்சும், இன்னொரு காயில் இழுத்தா மூடிக்கும். இதெல்லாம் ஒரு மில்லி செகண்டுக்குள்ள நடந்தாகணும். காயில்ல கரண்ட் ஏறுற வேகம் வோல்டேஜ இண்டக்டன்ஸால (கரண்ட் திடீர்னு மாறறத எதிர்க்கற குணம்) வகுத்தா வர்றதுதான், அதனால 12 வோல்ட்ட நேரா குடுத்தா கரண்ட் சோம்பேறித்தனமா ஏறும், 48 குடுத்தா நாலு மடங்கு வேகமா ஏறும். அந்த 48 வோல்ட்ட பேட்டரியோட 12-ல இருந்து தயார் பண்ற பொட்டிதான் இன்ஜெக்டர் மாட்யூல், ஃபிக்கம்னு செல்லமா சொல்றாங்க. அத எங்க வச்சிருக்கான் தெரியுமா, இன்ஜினுக்கு மேல, ட்ரைவர் சைடு வால்வ் கவர் மேலயே. கீழ இருந்து சூடு, டீசலோட அதிர்வு, வெளிய மைனஸ் 17. ஒரு சர்க்யூட் போர்ட சித்திரவதை பண்ணணும்னா இதவிட நல்ல எடம் கெடைக்காது.

மாட்யூல் மேல குட்டி மூடி ஒண்ணு, ரெண்டு ஸ்டார் ஸ்க்ரூ, அத கழட்டுனா உள்ள 48 வோல்ட் பாக்கறதுக்கு பாயிண்ட் இருக்கு. சாவி ஆன்ல வச்சு பாத்தா 46, சரி போனா போகுதுன்னு விடலாம். பையன கூப்பிட்டு சாவிய திருப்புடான்னேன், இன்ஜின் சுத்தும்போது 33. முப்பத்தி மூணு! நல்ல மாட்யூல்னா சுத்தும்போதும் 48 பக்கத்துலயே நிக்கணும், 45-க்கு கீழ போனாலே கோளாறுன்னு வச்சுக்கலாம்.

இங்க ஒரு விஷயத்த முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா இத விட்டுட்டு போர்ட நோண்டுனா எல்லாம் வேஸ்ட். பேட்டரி. இந்த வண்டில ரெண்டு பேட்டரி பேரலல்ல இருக்கு, ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணையும் சேத்து இழுத்துட்டு போயிடும். தனித்தனியா கழட்டி லோடு டெஸ்ட் பண்ணுனேன் (பெரிய கரண்ட்ட இழுக்க விட்டு வோல்ட் பாக்கறது), ஒண்ணு லோடுல 9 வோல்ட்டுக்கு கீழ போச்சு. 48 வோல்ட்ல 10 ஆம்பியர்னு கணக்குக்கு வச்சாலே 480 வாட், அத 12 வோல்ட்ல இருந்து எடுக்க 40 ஆம்பியர், 9 வோல்ட்ல இருந்து எடுக்க 53 ஆம்பியர், அதுக்கு மேல சேதாரம் வேற. அதாவது பேட்டரி வீக்காக ஆக மாட்யூல் இன்னும் ஜாஸ்தி கரண்ட்ட உறிஞ்சும், சூடு ஏறும், ஈயம் வெடிக்கும். முந்தின ஓனர் எத்தன வருஷம் அந்த செத்த பேட்டரியோட ஓட்டுனானோ. ரெண்டையும் மாத்துனேன். சுத்தும்போது 33 இருந்தது 36 ஆச்சு. சரி, இனிமே போர்டுதான்.

கூலண்ட் பாட்டில கழட்டி ஓரமா வச்சு, மூணு கனெக்டர புடுங்கி, போல்ட்டு கழட்டி மாட்யூல வெளிய எடுக்க ரெண்டு மணி நேரம். தொறக்கறதுக்கு முன்னாடி உள்ள சார்ஜ சேத்து வச்சிருக்கற கெபாசிட்டர காலி பண்ணணும், ஸ்க்ரூட்ரைவர வச்சு ஷார்ட் பண்ணி பட்டுனு பொறி பறக்கறத வீடியோ போடற ஆளுங்க இருக்காங்க, பண்ணாதீங்க, 470 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ண ரெண்டு நிமிஷம் வச்சா அமைதியா எறங்கிடும்.

உள்ள பவர் போர்ட பாத்ததும் போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன். அப்பா திண்டுக்கல்ல முப்பது வருஷம் டிவி மெக்கானிக், இப்ப ரிட்டயர்டு, கண்ணு ஆபரேஷன் பண்ணுனவரு, ஆனா போட்டோவ பெருசு பண்ணி பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல போன் அடிச்சாரு.

"டேய், அந்த காயில் காலு நாலையும் பாரு, சுத்தி மோதிரம் மாதிரி கோடு தெரியுதா? ட்ரை சோல்டர். மொதல்ல அத பூரா ஈயம் வச்சு எடு."

"அதில்லப்பா, பக்கத்துல கருப்பா ஒரு ரெசிஸ்டர் கருகிருக்கு பாருங்க, அதுதான்..."

"அதுவும் மாத்து. அதே வேல்யூ, வாட்டு மட்டும் ஒசத்தி போட்டுக்க. ஒசத்தி போட்டா ஒண்ணும் ஆகாது."

ட்ரை சோல்டர்னா ஈயம் சரியா புடிக்காம விட்டுப்போன எடம். முதல் பாதி நூத்துக்கு நூறு சரி. லென்ஸ வச்சு டார்ச்ச சாய்ச்சு அடிச்சு பாத்தா காயில் கால சுத்தி மயிரிழை விரிசல், வட்டமா. ரெண்டாவது பாதிதான் என்ன மூணு வாரம் அலைய விட்டுச்சு. அப்பா மேல தப்பில்ல, அவரு காலத்து டிவி பவர் சப்ளைல அந்த பார்முலா ஓடும், எரிஞ்ச 2 வாட்டுக்கு பதிலா வெள்ளையா ஒரு 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர தூக்கி மாட்டி அனுப்பிடுவாரு, கஸ்டமர் சந்தோஷமா போயிடுவாரு. (கோளாறு வந்தா ஃப்யூஸ் மாதிரி தானே எரிஞ்சு போற ஃப்யூசிபிள் ரெசிஸ்டர் எடத்துல அப்படி மாட்டக்கூடாதுன்னு அவருக்கும் தெரியும், கேட்டா சிரிப்பாரு.)

கருகுன ரெசிஸ்டர் மேல ஆர்010-ன்னு எழுதிருந்துச்சு. ஆர்-ங்கற எழுத்து புள்ளி நிக்கற எடம், அதாவது 0.010 ஓம், பத்து மில்லி ஓம். 4ஆர்7-ன்னா 4.7 ஓம். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா பக்கத்துல இன்னொரு குட்டி ரெசிஸ்டரும் ஓரம் உடைஞ்சிருந்துச்சு, அதுமேல 100-ன்னு இருந்துச்சு, நான் பாட்டுக்கு 100 ஓம்னு ஆர்டர் லிஸ்ட்ல எழுதிட்டேன். நல்லவேளையா அடுத்த நாள் காபி குடிக்கும்போது பொறி தட்டுச்சு. மூணு இலக்கம் இருந்தா கடைசி இலக்கம் எத்தன பூஜ்யம்ங்கறது, 10-ம் பூஜ்யம் பூஜ்யமும், அப்படின்னா அது வெறும் 10 ஓம். 100 ஓம்னா 101-ன்னு இருக்கும். அது மாஸ்ஃபெட்டோட (கரண்ட்ட படபடன்னு ஆன்-ஆஃப் பண்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) கேட்டுக்கு, அதாவது அத இயக்கற காலுக்கு, போற ரெசிஸ்டர், அதுல பத்து மடங்கு போட்டிருந்தா மாஸ்ஃபெட் மெதுவா ஆன் ஆகி மெதுவா ஆஃப் ஆகி பாதி நேரம் நடுவுலயே நின்னு வெந்து செத்திருக்கும். இதுல 1 பர்சென்ட் ரெசிஸ்டர்ல (சொன்ன வேல்யூல இருந்து 1 சதவீதத்துக்கு மேல வெலகாதது) 01சி, 68சி-ன்னு வேற ஒரு கோடு இருக்கு, 01சி-ன்னா 10 கிலோ ஓம், 68சி-ன்னா 49.9 கிலோ ஓம், அதுக்கு அட்டவணை பாக்காம கதை நடக்காது, மனசுல வச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க.

கருகுனது மேல எழுதிருக்கறது படிக்க முடிஞ்சுது என் அதிர்ஷ்டம், அதே மாதிரி இன்னொண்ணு பக்கத்துலயே நல்லாவும் இருந்துச்சு. உங்க போர்டுல வேற வேல்யூ இருக்கலாம், என் நம்பர பாத்து வாங்கிடாதீங்க.

சரி, மல்டிமீட்டர்ல அளந்து பாக்கலாம்னு வச்சேன். கருகுனது 0.4 ஓம். அடடா போச்சு, நாப்பது மடங்கு ஏறிடுச்சுன்னு குதிச்சேன். அப்புறம் நல்லா இருக்கறத அளந்தேன், அதுவும் 0.4. மீட்டர் குச்சி ரெண்டையும் ஒண்ணா தொட்டா, அதுவும் 0.4. நான் அளந்துட்டு இருந்தது மீட்டரோட வயர. பத்து மில்லி ஓம அளக்க சாதா மீட்டர் லாயக்கில்ல, லாரி எடை போடற மேடைல தாலிக்கொடிய வச்ச கதைதான்.

அதுக்கு ஒரு வழி இருக்கு, நாலு வயர் முறை. ரெசிஸ்டர போர்டுல இருந்து கழட்டி, பெஞ்ச் பவர் சப்ளைல கரண்ட்ட சரியா 1 ஆம்பியருக்கு கட்டி ரெண்டு வயர்ல அதுக்குள்ள விடுங்க, தனியா வேற ரெண்டு வயர ரெசிஸ்டரோட உடம்பு மேலயே வச்சு மில்லி வோல்ட்ல அளங்க. 1 ஆம்பியர்ல எத்தன மில்லி வோல்ட்டோ அத்தன மில்லி ஓம். அளக்கற வயர்ல கரண்டே போகாததால வயரோட ரெசிஸ்டன்ஸ் கணக்குல வராது. நல்லது 10.1 காட்டுச்சு. கருகுனது 17-ல ஆரம்பிச்சு, சூடாக சூடாக 23 வரைக்கும் ஏறுச்சு. திருடன் சிக்கிட்டான்.

இப்ப புதுசு வாங்கணும். இங்கதான் அப்பா சொன்ன மாதிரி 'வாட்டு ஒசத்தி'. அவசரம், வீட்ல பழைய ஸ்டாக்ல 0.01 ஓம் 5 வாட், கம்பி சுத்துன ரெசிஸ்டர் ரெண்டு இருந்துச்சு, நீளமான கால் வச்சது. ஒரிஜினல் எடத்துல தட்டையா ஒரு செராமிக் செவ்வகம், நான் அதுல ரெண்டு காலையும் வளைச்சு கூடாரம் போட்ட மாதிரி நிக்க வச்சு ஈயம் வச்சேன். காயில் காலு எல்லாத்துக்கும் புதுசா ஈயம். மாட்டி, சாவி ஆன், 48.1. ஆஹான்னு கத்திட்டேன். சுத்துனா, 37.

பழையபடி முருங்க மரம் ஏறிடுச்சு. மறுபடி கழட்டி, ஒவ்வொரு ஈயத்தையும் பாத்து, கெபாசிட்டர சந்தேகப்பட்டு, மாஸ்ஃபெட்ட சந்தேகப்பட்டு, கடைசில அந்த கடைக்காரர் சொன்ன இன்ஜெக்டரையே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன். பதில் கெடச்சது ஆஃபீஸ்ல கூட வேல பாக்கற ஹார்ட்வேர் அம்மணிகிட்ட, போட்டோவ காட்டுனதும் முகத்த சுளிச்சாங்க. "இது எடைக்கல்லு, இதப் போயி சும்மாட்டு துணி மாதிரி ஒசரமா தூக்கி வச்சிருக்கீங்க?"ன்னாங்க, அவங்க மதுர, அப்படித்தான் பேசுவாங்க.

அவங்க சொன்னது இதுதான். அந்த பத்து மில்லி ஓம் ரெசிஸ்டர் கரண்ட்ட தடுக்கறதுக்கு இல்ல, கரண்ட்ட அளக்கறதுக்கு. அது வழியா 10 ஆம்பியர் போனா 100 மில்லி வோல்ட் விழும், கண்ட்ரோல் ஐசி அந்த மில்லி வோல்ட்ட பாத்துதான் 'ம், போதும் நிறுத்து'ன்னு ஒவ்வொரு தடவையும் மாஸ்ஃபெட்ட அணைக்குது. தராசுல போடற படிக்கல்லுதான் அது. கருகி 20 மில்லி ஓம் ஆயிடுச்சுன்னா, 5 ஆம்பியர் போகும்போதே ஐசிக்கு 10 ஆம்பியர் போற மாதிரி தெரியும், பாதிலயே அணைச்சிடும், லோடு இல்லாதப்ப 46 காட்டும், லோடு வந்தா படுத்துடும். அதுதான் ஒரிஜினல் நோய்.

நான் போட்டதுல ஓம் சரிதான், ஆனா கம்பி சுத்துனது, மேல ரெண்டு நீட்டு காலு. ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு சுமாரா 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ்னு ஒரு கைக்கணக்கு உண்டு. ரெண்டு காலும் சேத்து 20 மில்லிமீட்டர்னா 20 நானோஹென்றி, உள்ள சுத்திருக்கறது தனி. கரண்ட் ஒரு மைக்ரோ செகண்ட்ல 10 ஆம்பியர் எகிறுதுன்னா அந்த 20 நானோஹென்றி மேல மட்டும் 200 மில்லி வோல்ட் குதிக்கும். அளக்க வேண்டிய நெசமான சிக்னலே 100 தான்! ஐசி அந்த குதிப்ப பாத்து பயந்து ஒவ்வொரு தடவையும் சீக்கிரமா அணைச்சிருக்கு. பழைய நோயும் நான் குடுத்த மருந்தும் ஒரே அறிகுறிய காட்டுனதாலதான் மூணு வாரம் ஏமாந்தேன்.

அப்புறம் ஒழுங்கா உக்காந்து டேட்டா ஷீட் படிச்சு வாங்குனேன். வேண்டியது மெட்டல் ஸ்ட்ரிப் வகை, அதாவது உள்ள ஒரே ஒரு தட்டையான உலோகத் தகடு, மாங்கனின் மாதிரி கலவை, செம்பு பெரும்பகுதி, மாங்கனீசும் கொஞ்சம் நிக்கலும் சேத்தது. 1892-ல எட்வர்ட் வெஸ்டன்ங்கறவரு கண்டுபுடிச்சது, சூடு ஏறுனாலும் ரெசிஸ்டன்ஸ் அசையாதுங்கறதுதான் அதோட பெருமை. சைஸ் 2512, அதாவது 6.3-க்கு 3.2 மில்லிமீட்டர், போர்டுல இருக்கற தடத்துல கச்சிதமா உக்காரணும். 1 பர்சென்ட். வாட்டு கணக்கு, கரண்ட்டோட வர்க்கத்த ஓமால பெருக்கணும், சராசரி 10 ஆம்பியர்னா 1 வாட், ஆனா 1 வாட் ரெசிஸ்டர் வாங்குனா செத்தீங்க, ஏன்னா அந்த ரேட்டிங் 70 டிகிரி வரைக்கும்தான். நான் வாங்குன 3 வாட்டுக்கு, 70-ல இருந்து எறங்கி 170 டிகிரில பூஜ்யமாகற மாதிரி டேட்டா ஷீட்ல கோடு போட்டிருந்துச்சு, அப்படின்னா இன்ஜின் மேல 100 டிகிரில அதோட தெம்பு 70 பர்சென்ட்தான், 3 வாட்டு அங்க 2.1 வாட்டு. போதும். அதுக்கு மேல ஏஇசி-க்யூ200-ன்னு போட்டிருக்கான்னு பாத்தேன், வண்டிக்குன்னு சோதனை பண்ணுன பாகங்களுக்கு அந்த முத்திரை உண்டு. 10 ஓம் குட்டிக்கு கந்தகம் தாங்கற வகையா எடுத்தேன், சாதா திக் ஃபிலிம் ரெசிஸ்டர்ல ஓரத்துல வெள்ளி இருக்கும், ரப்பர்ல புகைல இருந்து வர்ற கந்தகம் உள்ள போனா வெள்ளி கருத்து சில்வர் சல்ஃபைடு ஆகி கொஞ்ச கொஞ்சமா தொடர்பே அறுந்து போயிடும், வீட்ல வெள்ளிக் குத்துவிளக்கு கருக்கற அதே சமாச்சாரம்.

மினசோட்டாவுல தீஃப் ரிவர் ஃபால்ஸ்ங்கற குட்டி ஊர்ல இருந்து டிஜி-கீங்கற எலக்ட்ரானிக் பாகக் கடை அனுப்புனது மூணு நாள்ல வந்துச்சு, ரெசிஸ்டர் காச விட கூரியர் காசு ஜாஸ்தி.

பத்தவைக்கறதுலயும் பாடம் இருந்துச்சு. என் பழைய 25 வாட் சோல்டரிங் அயர்ன வச்சா ஈயம் உருகவே மாட்டேங்குது, அந்த போர்டுல செம்பு அவ்ளோ கனம், சூட்ட எல்லாம் உறிஞ்சிடுது. ரொம்ப நேரம் அமுக்கி வச்சா ஈயம் உருகறதுக்கு முன்னாடி தடம் பேந்து வந்துடும். மொதல்ல போர்டு மொத்தத்தையும் வெதுவெதுப்பாக்கணும். நான் வீட்ல இருந்த கரண்ட் தோசக்கல்ல எடுத்து, மேல அலுமினியம் ஃபாயில் விரிச்சு போர்ட வச்சேன், கெபாசிட்டர் எல்லாம் 105 டிகிரி ரேட்டிங்ங்கறதால 90-க்கு மேல போக விடல. வீட்டம்மா வந்து பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. அடுத்த நாள் புது தோசக்கல்லுக்கு ஆர்டர் போயிருந்துச்சு, என் கார்டுல. அவங்க பண்ணுனது சரி, ஈயம் பட்ட கல்லுல தோச ஊத்தக்கூடாது.

ஆஃபீஸ்ல இருந்து 70 வாட் சோல்டரிங் ஸ்டேஷன் இரவல் வாங்கி, அகலமான உளி முனை, 370 டிகிரி, ஃப்ளக்ஸ் (ஈயம் நல்லா ஒட்ட உதவற பசை) தாராளமா. பழைய ரெசிஸ்டர் ரெண்டு பக்கமும் 63/37 ஈயத்த (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) கூட சேத்து, ஒரு கைல புது அயர்ன், இன்னொரு கைல பழைய 25, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல தொட்டா அப்படியே மிதந்து வந்துடுச்சு. 63/37 நான் பிடிவாதமா எடுத்ததுக்கு காரணம், அது 183 டிகிரில டக்குன்னு உருகி டக்குன்னு உறையும், நடுவுல கூழா நிக்கற நேரமே கெடையாது, அந்த நேரத்துல கை ஆடுனாதான் ட்ரை சோல்டர் வரும். பழைய ஈயத்த பின்னல் கம்பிய வச்சு சுத்தமா உறிஞ்சு எடுத்துட்டு புதுசா வைங்க. போர்டு மேல இருந்த பூச்ச அயர்னால எரிக்காதீங்க, அந்த புகை நெஞ்சுக்கு ஆகாது, சுரண்டி எடுத்துட்டு ஜன்னல தொறந்து வச்சு வேல செய்ங்க.

ரெண்டு ஆர்010-ஐயும் மாத்துனேன், நல்லா இருந்ததையும் சேத்து. ஒண்ணு போனா அதே சூட்ட தின்ன அடுத்தது எவ்ளோ நாள். செராமிக் உடம்பு சூட்டுல விரியற அளவும் போர்டு விரியற அளவும் ஒண்ணு இல்ல, போர்டு ரெண்டு மடங்குக்கு மேல விரியும், அந்த இழுபறி பூராவும் ஓரத்து ஈயத்துலதான் விழும், பெரிய ரெசிஸ்டர்னா இன்னும் மோசம். அப்புறம் ஆல்கஹால்ல கழுவி, அக்ரிலிக் ஸ்ப்ரே ஒரு கோட்டு, மூடிக்கு சிலிக்கான். வினிகர் வாசன அடிக்கற சிலிக்கான் போடாதீங்க, அதுல வர்றது அசிட்டிக் ஆசிட், செம்ப அரிச்சிடும், நியூட்ரல் க்யூர்னு போட்டத பாத்து வாங்குங்க.

இடையில ஒருத்தர் 'ஃபீட்பேக் ரெசிஸ்டரையும் மாத்தி 58 வோல்ட் ஆக்கிடுங்க ப்ரோ, வண்டி பறக்கும்'னாரு. அந்த ரெசிஸ்டர் ஜோடிதான் எத்தன வோல்ட்ல நிறுத்தணும்ங்கறத முடிவு பண்ணுது, மாத்துனா ஏறும், உண்மைதான், அப்படி பண்ணி விக்கறவங்களும் இருக்காங்க. 48-க்கே மூணு வாரம் அழுதவன் நான். வேணாம் சாமி.

பிப்ரவரி முதல் வாரம், மைனஸ் 12. சாவி ஆன், 48.2. பையன் திருப்புனான், 47.9, அங்கயே நின்னுச்சு, ரெண்டு செகண்ட்ல இன்ஜின் புடிச்சுது. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு சத்தத்த கேக்க வச்சேன், கம்பி ரெசிஸ்டர் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, அப்புறம் "டிவில ஓடுச்சேடா"ன்னாரு.

இப்ப வரைக்கும் நல்லா ஓடுது. ஐடில்ல பேட்டரி பக்கம் 13.3 தான் காட்டுது, ஆல்டர்னேட்டர் பெல்ட்ட இந்த சனிக்கெழம பாக்கணும்.